இறுதி ஆட்டம் யாருடைய மைதானத்தில்? அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்ற ஓர் அணி அந்த ஆட்டத்தைத் தன் சொந்த மைதானத்திலேயே ஆடலாமா என்ற கேள்வி ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் எழுந்து, யாரோ கோப்பையைத் தூக்கிய மறுநாளே மறக்கப்பட்டுவிடுகிறது. ஆடலாம் என்பதே என் கருத்து. இதைச் சொல்பவன் சென்னையின் எஃப்.சி. அணியின் ரசிகன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். எங்கள் அணி வென்ற இரண்டு ஐ.எஸ்.எல். கோப்பைகளும் எதிரணியின் மைதானத்தில், எதிரணியின் ரசிகர்கள் முன்னிலையில் வென்றவை. எனவே எங்களுக்கு ஆதாயம் தேடி இந்த மடலை எழுதவில்லை என்று நீங்கள் நம்பலாம்.

2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டா அரங்கில், 87ஆம் நிமிடத்தில் எஃப்.சி. கோவா 2-1 என முன்னிலை பெற்றபோது அரங்கம் அதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த சில நிமிடங்களில் கோவாவின் கோல்கீப்பர் வழியாகவே ஒரு சுயகோல் விழுந்தது. கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில் மென்டோசா அடித்த கோலோடு கோப்பை சென்னைக்கு வந்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நானே இருந்தேன். உள்ளூர் நண்பர் ஒருவர் வாங்கித் தந்த டிக்கெட் என்பதால் பெங்களூரு ரசிகர்களின் நடுவில்தான் இருக்கை கிடைத்தது. இரு அணிகளுக்கும் நீலம்தான் நிறம். ஆகவே என் சட்டையை வைத்து என்னை யாரும் அயலானாக நினைக்கவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனபோது, சுற்றியிருந்த அத்தனை பேரும் எழுந்து நிற்க, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து பார்த்து, "நீங்க சென்னையா சார்?" என்று தமிழிலேயே கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, பரவால்ல, உட்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிறகு கார்னரிலிருந்து எங்கள் மெய்ல்சன் ஆல்வெஸ் முதல் பாதியிலேயே இரண்டு முறை தலையால் முட்டி கோலடித்ததும், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலை அடித்ததும், ஆட்டம் 3-2 என முடிந்ததும் நீங்கள் அறிந்தவையே. அந்தத் தண்ணீர் பாட்டிலை நான் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இறுதி ஆட்டத்தைச் சொந்த ஊரில் நடத்தினால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதாகிவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆட்சேபம். 2025 வரை நடந்த ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டங்களில் ஐந்தில் மட்டுமே ஓர் அணி தன் சொந்த அரங்கில் ஆடியிருக்கிறது: 2015இல் கோவா, 2016இல் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ், 2018இல் பெங்களூரு, 2024இலும் 2025இலும் கொல்கத்தாவில் மோகன் பகான். இவற்றில் முதல் நான்கிலும் சொந்த ஊர் அணி தோற்றது. அதிலும் பிளாஸ்டர்ஸ், கொச்சியே திரண்டு வந்திருந்த ஒரு நாளில், பெனால்டியில் தோற்றது. ஐந்தாவதில் மோகன் பகானும் முதலில் ஒரு கோல் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் ஜேமி மெக்லாரன் அடித்த கோலால்தான் பெங்களூருவை 2-1 என வென்றது. ஐந்து ஆட்டங்களை வைத்துக்கொண்டு விதி எதையும் நிறுவிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும், சொந்த மைதானம் என்றாலே கோப்பை கைக்கு வந்துவிடும் என்று அஞ்சுவதற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை. ஐரோப்பாவின் சாம்பியன் கிளப்புகளுக்கான கோப்பை இறுதியிலும் 1984இல் ரோமா தன் ஒலிம்பிக் அரங்கில் லிவர்பூலிடமும், 2012இல் பயர்ன் மியூனிக் தன் அரங்கில் செல்சியிடமும் பெனால்டியில் தோற்றவைதாம். 1957இல் ரியல் மாட்ரிட்டும் 1965இல் இன்டர் மிலானும் சொந்த ஊரில் வென்றதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஐரோப்பாவின் உதாரணத்துக்கும் நான் வேண்டுவதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அங்கே அரங்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த ஊர் அணி இறுதிக்கு வந்தால் அது தற்செயல். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.) போட்டியிலோ, 2012 முதல், இறுதிக்கு வந்த இரு அணிகளில் லீக் சுற்றில் அதிகப் புள்ளி எடுத்த அணியே ஆட்டத்தைத் தன் ஊரில் நடத்துகிறது. முந்தையது அதிர்ஷ்டம், பிந்தையது உழைத்துப் பெற்ற உரிமை. 2023-24 பருவத்தில் மோகன் பகான் 48 புள்ளிகளுடனும் மும்பை சிட்டி 47 புள்ளிகளுடனும் லீக் சுற்றை முடித்தன. லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கான ஷீல்டு யாருக்கு என்பதைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் கொல்கத்தாவில் மும்பை 1-2 எனத் தோற்றது. அதே மைதானத்தில் மூன்று வாரங்களுக்குள் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-1 என வென்றது. லீக் சுற்றின் கடைசி ஆட்டம் வரை ஒவ்வொரு புள்ளிக்கும் பொருள் இருக்கவேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

நான் குறைப்பட்டுக்கொள்வது மைதானத்தைப் பற்றியல்ல. அது எப்போது, எந்தக் காரணத்தைச் சொல்லி முடிவு செய்யப்படுகிறது என்பதைப் பற்றித்தான். மேற்சொன்ன ஐந்து இறுதி ஆட்டங்களிலும் சொந்த ஊரில் ஆடிய அணி, லீக் பட்டியலில் எதிரணிக்கு மேலேதான் இருந்தது. 2018இல் பெங்களூரு 40 புள்ளிகளுடன் முதலிடம், சென்னை 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம். புள்ளிகளை அளவுகோலாகக் கொண்டிருந்தால் அந்த ஆட்டம் கண்டீரவாவில்தான் நடந்திருக்கவேண்டும், அங்கேதான் நடந்தது. ஆனால் கொல்கத்தாவுக்கு என்று சொல்லப்பட்டிருந்த ஆட்டம், பருவம் நடந்துகொண்டிருக்கும்போது பெங்களூருக்கு மாறியது. ஊர் சரிதான், அந்த ஊருக்கு வந்த வழிதான் சரியில்லை. தோற்றிருந்தால் நாங்கள் அதைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டிருப்போம் என்பதை மறைப்பானேன்! எனவே இறுதி ஆட்டம் உள்ள எந்தப் பருவமானாலும், அது எந்த அணியின் மைதானத்தில் நடக்கும் என்பதற்கான விதி, பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் வெளியிடப்படவேண்டும்; பிறகு எக்காரணம் கொண்டும் மாற்றப்படக் கூடாது.

எக்காரணம் கொண்டும் என்று எழுதும்போதே 2015ஆம் ஆண்டின் மழை நினைவுக்கு வருகிறது. அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அட்லெடிகோ டி கொல்கத்தா (ஏ.டி.கே.) அணிக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டம் பெரியமேடு நேரு அரங்கில் நடக்கவேண்டியது, புனேவுக்கு மாற்றப்பட்டது. அட்டவணையில் அது எங்கள் சொந்த மைதான ஆட்டம். மைதானமோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரயில் தொலைவில். அன்று எங்கள் அணி 3-0 என வென்றதால் எவரும் முறையிடவில்லை. நம் நாட்டில் பெரும்பாலான கிளப்புகளுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. சென்னையிலும் கொச்சியிலும் கொல்கத்தாவிலும் அரங்கங்கள் அரசின் அல்லது அரசு அமைப்புகளின் கையில் உள்ளன. மழை வரலாம், தடகளப் போட்டி வரலாம், இசை நிகழ்ச்சியும் வரலாம். ஆகவே ஒவ்வொரு கிளப்பும், தன் அரங்கம் கிடைக்காமல் போனால் ஆடத்தக்க மாற்று மைதானம் ஒன்றை, கூடியவரை தன் மாநிலத்துக்குள்ளேயே, பருவத்தின் தொடக்கத்தில் பதிவு செய்யவேண்டும் என்று வற்புறுத்துங்கள். இறுதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஊர் தேடும் நிலை அப்போது வராது.

அடுத்தது டிக்கெட். சொந்த ஊரில் ஆடும் உரிமை அணிக்கு உண்டு என்றால், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு உட்கார இடம் உண்டு என்பதும் அதே விதியில் இருக்கவேண்டும். இத்தனை விழுக்காடு என்று ஒரு பங்கைத் தனிக் கேலரியாக ஒதுக்கி, அந்த டிக்கெட்டுகளை எதிரணிக் கிளப்பின் வழியாகவே விற்கவேண்டும்; விற்காமல் மிஞ்சியவற்றைக் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு மட்டுமே உள்ளூருக்குத் திறந்துவிடவேண்டும். 2018இல் பியூனஸ் ஐரஸில் போக்கா அணியின் பேருந்து எதிரணியான ரிவர் பிளேட்டின் ரசிகர்களால் தாக்கப்பட்டு, தென்னமெரிக்காவின் மிகப் பெரிய கிளப் இறுதி ஆட்டம் மாட்ரிட்டில் நடத்தப்பட்ட கதையை நீங்கள் அறிவீர்கள். அங்கே உள்ள பகை இங்கே இல்லை. இருந்தும் பாதுகாப்பைக் காரணம் காட்டி வெளியூர் ரசிகர்களை வரவிடாமல் செய்வது எளிது என்பதால், இந்தப் பங்கை நல்லெண்ணத்துக்கு விடாமல் விதியாக்கச் சொல்கிறேன். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் என்றேனும் இறுதியில் சந்தித்தால், இருவருக்கும் கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கமே வீடு. அன்று யார் உள்ளூர், யார் வெளியூர் என்று பிரிக்கும் வேலை உங்களுடையது. அதற்கும் இப்போதே ஒரு வரி எழுதி வைப்பது நல்லது.

பொது மைதானமே நியாயம் என்போருக்கும் என் பதில் ஒன்றுண்டு. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் ஃபடோர்டாவில் ஒரு ரசிகர்கூட இல்லாமல் நாங்கள் இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 1-3 எனத் தோற்றோம். அதைவிடப் பொதுவான மைதானம் இருக்க முடியாது. வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல்கூடத் தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது.

பெரியமேட்டில் என்றேனும் ஓர் இறுதி ஆட்டம் நடந்தால், அது எங்கள் அணி எடுத்த புள்ளிகளால் வந்ததாக இருக்கவேண்டும். அன்று எதிரணியின் ரசிகர்களுக்கு ஒரு கேலரி இருக்கவேண்டும். அதில் இடம் கிடைக்காமல் எங்களுக்கு நடுவே வந்து உட்காருகிறவருக்குத் தண்ணீர் பாட்டில் தர நான் இருக்கிறேன். அடுத்த பருவத்துக்கான போட்டி விதிகளை நீங்கள் இறுதி செய்யுமுன் இந்த மடலைச் செயற்குழுவில் வைத்து, எழுத்தில் ஒரு பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெரியமேடு நேரு அரங்கின் கேலரியிலிருந்து
ஒரு சென்னை ரசிகன்