ஹோலோகிராம் எது, கண்ணாடி வித்தை எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான முப்பரிமாணத் திரைகள் பற்றிய கட்டுரை, 2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட் அருகே திறந்துவைக்கப்பட்ட 28 அடி உயர நேதாஜி ஒளியுருவை இத்துறையின் வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டியிருந்தது. அது ஒளி ஊடுருவும் திரையின் மீது 4கே புரொஜெக்டர் வீழ்த்திய படம். மறைந்த பாடகர்கள் மேடையில் தோன்றுவதும், 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய கண்ணாடிப் பிரதிபலிப்பு வித்தையின் வழிவந்ததே. பெயர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இவற்றையே ஹோலோகிராம் என்று எண்ணியதால்தான், பிரகாசமான புரொஜெக்டர்கள் வந்துவிட்டால் முப்பரிமாணத் திரைகளின் குறை தீர்ந்துவிடும் என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் வந்திருக்கிறார்.

ஹோலோகிராம் என்ற பெயருக்கு உரியது, இயற்பியலாளர் டென்னிஸ் கேபர் 1947-இல் கண்டறிந்து 1971-இல் நோபல் பரிசு பெற்ற முறை; அது பொருளிலிருந்து வரும் ஒளியலையையே பதிவு செய்வது. நான் பணியாற்றிய கல்லூரி ஆய்வகத்தில் சதுரங்கக் குதிரை ஒன்றையும் அதன் பின்னால் ஒரு சிப்பாயையும் இப்படிப் பதிவு செய்ய, மணல் நிரப்பிய பெட்டியின் மேல் லேசரையும் ஆடிகளையும் அமைத்து, சாலையில் பேருந்துகள் ஓய்ந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் வேலையைத் தொடங்குவோம். ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அதிர்வே, ஒளி பதியும் புகைப்படத் தட்டைப் பாழாக்கிவிடும். மூன்று இரவுகள் வீணாயின. நான்காம் நாள், கழுவி உலர்த்திய தட்டை லேசர் ஒளியில் பிடித்துத் தலையைச் சற்றே சாய்த்ததும், குதிரைக்குப் பின்னால் மறைந்திருந்த சிப்பாய் வெளிப்பட்டது. திரையில் தட்டையான படத்தை வீழ்த்தும் எந்தப் புரொஜெக்டராலும் இதைக் காட்ட முடியாது.

ஒளியலைகள் குறுக்கிட்டு அந்தத் தட்டில் பதித்த நுண்வரிகளை மின்னணுத் திரையால் தாங்க முடியாததே இன்றைய சிக்கல். 8 மைக்ரோமீட்டர் பிக்சல் கொண்ட ஒளிப்பண்பேற்றி (ஒளியலையைப் பிக்சல் பிக்சலாக மாற்றியமைக்கும் திரை), பச்சை ஒளியை மொத்தம் 4 பாகை அளவுக்கே விரிக்கும். இருபுறமும் 30 பாகை வேண்டுமென்றால் பிக்சல் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டராகச் சுருங்க வேண்டும். அப்படியானால் பத்து சென்டிமீட்டர் சதுரத் திரைக்கே சுமார் 4,000 கோடி பிக்சல்கள் தேவைப்படும். 4கே தொலைக்காட்சியில் இருப்பவையோ 83 லட்சம்தான்.

திரையில் காட்ட வேண்டிய வரிகளைக் கணக்கிடும் சுமை ஓரளவு குறைந்திருக்கிறது: அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட, செயற்கை நுண்ணறிவு சார்ந்த நரம்பணு வலைப்பின்னல் முறை, சாதாரண கிராபிக்ஸ் அட்டையிலேயே உடனுக்குடன் ஹோலோகிராமைக் கணித்துவிடுகிறது. பிக்சலைச் சுருக்காமல் சுற்றுவழி தேடியவர்கள் சாம்சங் ஆய்வாளர்கள். பார்ப்பவரின் கண் இருக்கும் திசைக்குப் பின்னொளியைத் திருப்பி, பார்வைக் கோணத்தை 30 மடங்கு கூட்டியதாக 2020-இல் அறிவித்தார்கள். எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த வழிதான், ஒருவர் இருவருக்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் அது திணறும் என்றாலும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் புரொஜெக்டரைத் தவிர்த்து, ஒளிப்பண்பேற்றியைப் பற்றி எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.