முதுகைப் பார்க்காதே, வயிற்றைப் பார்

பினாங்கு, ஆயர் ஈத்தாம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நலம். மாப்பிள்ளையும் சின்னவனும் நலம்தானே? கோலாலம்பூர் செராஸ் வீட்டுக் கொல்லையில் எடுத்த மூன்று படங்களும் கைப்பேசியில் வந்து சேர்ந்தன. மாங்காயைக் கடிக்கிற, தேங்காயைக் குடைகிற அணில் இதில் எது, கூண்டு வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்குக் கூண்டு வேண்டாம் அம்மா. மூன்று படத்திலும் இருப்பது ஒரே பிராணி இல்லை. அதில் ஒன்று அணிலே இல்லை. யார் எவர் என்று தெரியாமல் கூண்டு வைத்தால் தப்பு செய்யாதது வந்து மாட்டிக்கொள்ளும். கைப்பேசியில் தட்டினால் விவரம் துண்டு துண்டாகப் போய்விடும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் சின்னவனின் கேள்வி. முதுகில் மூன்று கோடு இல்லாதது எப்படி அணிலாகும் என்கிறான். ராமர் தடவிக்கொடுத்ததாகச் சொல்லும் அணில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பது. கதைப் புத்தகத்தில் அவன் பார்க்கும் படமெல்லாம் அந்த அணில்தான். நம் நாட்டுத் தோட்டங்களில் அந்த இனம் கிடையாது. கேமரன் மலை, பிரேசர் மலைப் பக்கம் போனால் முதுகில் கோடு போட்ட குட்டி அணில் ஒன்று உண்டு, ஆனால் அதுவும் வேறு இனம். கோலாலம்பூரில் தினமும் மின்கம்பியில் ஓடுவதற்குக் கோடு விலாவில் இருக்கும், முதுகில் இருக்காது. முதுகு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மங்கிய பழுப்பு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இனத்தைச் சொல்வது வயிறு. அதனால் எந்தப் படம் எடுத்தாலும் வயிறு தெரிய வேண்டும்.

உன் முதல் படத்தில் வேலியோரம் சருகைக் கிளறிக்கொண்டிருப்பதுதான் அணில் இல்லை என்று சொன்னது. அது மர மூஞ்சூறு. மலாய்க்காரர்கள் அணிலையும் இதையும் சேர்த்தே துப்பாய் என்று சொல்வார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டால் உனக்கும் அந்தப் பதில்தான் கிடைக்கும். உடல் அளவும் நிறமும் தோட்டத்து அணிலைப் போலவே இருப்பதால் குழப்பம் இயல்பு. மூக்கைப் பார். பிள்ளையார் வாகனத்துக்கு இருப்பதுபோல் நீண்டு கூராகப் போகும். அணிலின் முகம் குட்டையாக, உருண்டையாக இருக்கும், மூக்கின் இரண்டு பக்கமும் நீளமான கறுப்பு மீசை நீட்டிக்கொண்டிருக்கும். மர மூஞ்சூறுக்கு அந்த நீள மீசை இல்லை. தோள்பட்டையில் வெளிறிய கோடு ஒன்று சாய்வாக இறங்கும், உன் படத்திலேயே பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகிறது. வாலை அணில்போல் முதுகின்மேல் வளைத்து உட்காராது.

முகம் தெரியவில்லையென்றால் காலைப் பார்க்கலாம். கால்வாய் ஓரத்து ஈரமண்ணில் முன்கால் தடத்தைத் தேடு. அணிலின் முன்காலில் நான்கு விரல்தான் பதியும், கட்டைவிரல் வெறும் முண்டாகக் குறுகிவிட்டது. மர மூஞ்சூறுக்கு ஐந்தும் பதியும். பின்காலில் இரண்டுக்கும் ஐந்து, அதனால் பின்கால் தடத்தை எண்ணி ஏமாந்துவிடாதே.

இந்தப் பிராணிக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1820-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது விஞ்ஞானிகள் முன்னால் இருந்தது பினாங்குத் தீவில் கிடைத்த மர மூஞ்சூறு. அன்றைக்கே இதை மூஞ்சூறு இனத்தோடு சேர்த்துத்தான் பெயர் வைத்தார்கள். இப்போது அதிலிருந்தும் பிரித்து, அணிலும் இல்லாமல் மூஞ்சூறும் இல்லாமல் தனி வரிசையில் வைத்திருக்கிறார்கள். கொறிக்கும் பல் இதற்குக் கிடையாது. பூச்சி, புழு, கீழே விழுந்து கனிந்த பழம், இவைதான் தீனி. பச்சை மாங்காயையும் தேங்காயையும் குடைந்தது இது இல்லை. பொந்தில் குட்டிகள் தனியாகக் கிடந்தால் தாய் செத்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிடாதே. குட்டிகளைத் தனிக் கூட்டில் விட்டுவிட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது இவற்றின் வழக்கம். கூண்டில் அடைத்தால் மிரட்சியிலேயே செத்துப்போகக்கூடிய சாதி. கூண்டு வேண்டாம் என்று நான் முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது படம், மாமரக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து காயைக் கையில் பிடித்திருப்பது. வயிறு காவி கலந்த செம்மண் நிறம். விலாவில் இரண்டு கோடு, மேலே வெள்ளை, அதன் கீழே ஒட்டினாற்போல் கறுப்பு. சந்தேகமே வேண்டாம், இதுதான் வாழைத்தோட்ட அணில். பட்டணத்துத் தோட்டம், பள்ளிக்கூட வளாகம், அடுக்குமாடி வாசல் மரம் என்று எங்கும் பிழைத்துக்கொள்ளும். தலையும் உடலும் சேர்ந்து 20 சென்டிமீட்டர் சுமார், வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். எடை 200 கிராமுக்குக் கொஞ்சம் கூடக்குறைய. பழம், பூ, மரப்பட்டை, எறும்பு, சில சமயம் பறவை முட்டையும் தின்னும்.

அளவைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாதே. எல்லாரும் வாலையும் சேர்த்துப் பார்த்துப் பெரிதாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் பின்சுவரில் பூசாத செங்கல் தெரிகிறது. ஒரு செங்கல் நீளம் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். அணில் சுவரில் ஓடும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு கல் அளவு இருந்தால் தோட்டத்து அணில் அளவு. முக்கால் கல்லுக்கும் குறைவு, வாலும் மெலிசு, விலாவில் கோடில்லை, வயிறு வெளிறிய சாம்பல் என்றால் அது ஒல்லி அணில். அதைக் குட்டி என்று நினைத்துவிடுவார்கள். அடிமரத்தையே கட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடிப் பட்டையைச் சுரண்டும். காட்டோரம் இருக்கும் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில் வரும்.

மூன்றாவது படம்தான் என்னைத் திணறடிக்கிறது. கம்பியில் நிற்கிறது, பின்னால் பளீரென்று வானம், அணில் முழுவதும் கறுப்பு. இப்படி எடுத்த படத்தில் சிவந்த வயிறும் கறுப்பாகத்தான் விழும். இது வாழைத்தோட்ட அணிலாக இருக்கலாம், சாம்பல் வயிற்று அணிலாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே அளவு, ஒரே நடை. சாம்பல் வயிறுக்குப் பெயரே அடையாளம். வயிறு வெள்ளிச் சாம்பல், விலாவில் வெள்ளைக் கறுப்புக் கோடு கிடையாது. வயிறு, விலா இரண்டும் ஒத்துப்போனால்தான் பெயர் சொல்ல வேண்டும். மழையில் நனைந்து மயிர் ஒட்டியிருக்கும்போது விலாக்கோடு மறைந்துவிடும், அன்றைக்குப் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதே.

படம் எடுக்க நல்ல நேரம் காலை ஏழே காலிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் அவையும் நிழலில் படுத்துவிடும். பசியாறும் மேசையைச் சன்னலோரம் போட்டாலே போதும். காலை வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கைப்பேசியில் பெரிதாக்கி எடுத்தால் நிறம் கலங்கிப்போகும். அதற்குப் பதிலாக அணிலின் வயிற்றுப் பகுதியைத் திரையில் ஒருமுறை தொட்டுவிட்டு அரை நிமிடக் காணொளியாக எடு. அப்படித் தொட்டால் வானம் வெளுத்துப்போகும், வயிறு தெளியும். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தலைகீழாக இறங்கும்போது வயிறு மரத்தோடு ஒட்டிவிடும், எடுத்துப் பயனில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து தின்னும் நேரத்துக்குக் காத்திரு.

ஒரே இடத்தில் நின்று வாலை ஆட்டி ஆட்டி, சக் சக் என்று நிறுத்தாமல் கத்தினால் படம் எடுப்பதை விட்டுவிட்டு முதலில் மரத்தடியைப் பார். பூனையாகவோ பாம்பாகவோ இருக்கும். சின்னவன் கொல்லையில் விளையாடுகிறான், இதை மறந்துவிடாதே.

இனி மாங்காய் விஷயம். அணில்மேல் பழி போடுவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய். தினமும் அந்தி ஏழரைக்கு மரத்தடியில் விழுந்ததையெல்லாம் பொறுக்கிச் சுத்தமாக்கிவிடு. விடிந்ததும் ஏழு மணிக்குப் புதிதாக விழுந்ததை எண்ணிக் குறித்துக்கொண்டு மறுபடி பொறுக்கிவிடு. அந்தியில் மீண்டும் எண்ணு. தோட்டத்து அணில் இருட்டில் வேலை செய்யாது, பொழுது சாய்ந்தால் கூட்டுக்குப் போய்விடும். காலைக் கணக்கு கூடுதலாக இருந்தால் ஆள் வேறு. சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை உருண்டைகள் கிடந்தால் வௌவால். மதில்மேலும் கூரையிலும் விதையோடு எச்சம் கிடந்தால் மூசாங் என்கிற மரநாய். இரண்டும் இல்லாமல் கடித்த தடம் மட்டும் இருந்தால் எலியைத் தேடு. தேங்காயில் இருக்கும் துளையை மட்டும் பார்த்து அணிலா எலியா என்று சொல்லப் பார்க்காதே, இரண்டும் குடையும். அங்கேயும் இந்தக் காலை மாலைக் கணக்குதான் கைகொடுக்கும்.

கணக்கு அணிலைத்தான் காட்டுகிறது என்றால் தென்னைக்கு ஆள் உயரத்துக்கு மேல் இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டச் சொல். வழுவழுப்பில் நகம் பிடிக்காது. ஆனால் உன் படத்தில் மாமரக் கிளை தென்னை ஓலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதை வெட்டிப் பத்தடி இடைவெளி விடாமல் தகரம் கட்டினால் காசுதான் தண்டம், கிளை வழியாகத் தாவி வந்துவிடும். மாங்காய்க்குக் காகிதப் பை போட்டால் கிழித்துவிடும், பொடிக்கண் கம்பி வலையைப் பைபோல் வளைத்து மாட்டு. எல்லாக் காய்க்கும் வேண்டாம், கைக்கு எட்டுகிற நல்ல காய் இருபது முப்பதுக்குப் போதும். மிச்சத்தை அவை தின்னட்டும். ரொட்டி, பிஸ்கட் என்று எதையும் வெளியில் வைக்காதே, அணிலுக்கு வைத்தது குரங்குக் கூட்டத்தை அழைத்து வந்துவிடும். பிறகும் கூண்டுதான் என்று மாப்பிள்ளை சொன்னால், முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கேட்கச் சொல். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இல்லாமல் பிடிப்பது குற்றம்.

கறுப்பு முதுகு, வெள்ளை விலா, சிவப்பு வயிறு என்று மூன்று நிறத்தில் அழகாக ஒன்று உண்டு, அது காட்டு அணில், உன் மாமரத்துக்கு வராது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும்போது ஒரு நாள் கூடத் தங்கும்படி வா. மறுநாள் காலையில் இங்கே பினாங்கின் கொடிமலைக்குப் போகலாம். 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை. அங்கே கரும் பேரணில் இருக்கிறது. முதுகு கன்னங்கரேல், வயிறு வெளிறிய மஞ்சள், எடை ஒரு கிலோவுக்கு மேல், வால் மட்டும் அரை மீட்டர் நீளம். தின்னும்போது அந்த வால் கிளைக்குக் கீழே நேராகத் தொங்கும். உச்சாணிக் கிளையில் இலை அசைந்தால் குரங்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாமல் தொங்கும் வாலைத் தேடும்படி சின்னவனிடம் சொல்லி வை.

அந்த மூன்றாவது ஆளை நாளைக் காலையே மறுபடி எடு. வெயில் உன் பின்னால், அணில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். காணொளியை உடனே அனுப்பு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா