பிரெய்ல் வேண்டுமென்றால் முதலில் யூனிகோடு தமிழ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் பிரெய்ல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுவான எண் தரும் யூனிகோடில் பிரெய்ல் சேர்ந்துவிட்டதால் பார்வையற்றோர் இனி எதையும் படிக்கலாம் என்று அதை முடித்திருப்பது சரியல்ல. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் சிறப்பாசிரியர் நான். தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

1999இல் வந்த யூனிகோடு 3.0 பதிப்பில் பிரெய்லுக்கு 256 இடங்கள் ஒதுக்கினார்கள். பதினாறடிமான எண்ணில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 2800இலிருந்து அந்த வரிசை தொடங்குகிறது. அங்கே இருப்பவை எழுத்துகள் அல்ல, வெறும் புள்ளி வடிவங்கள். முதல் புள்ளிக்கு மதிப்பு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4, இப்படியே இரட்டித்துப்போய் எட்டாவதற்கு 128. எழும்பியிருக்கும் புள்ளிகளின் மதிப்பைக் கூட்டி, பதினாறடிமானத்துக்கு மாற்றி, 2800உடன் சேர்த்தால் அந்த வடிவத்தின் குறியெண் கிடைத்துவிடும். 'க' எழுத 1, 3 ஆகிய புள்ளிகள், கூட்டினால் 5, குறியெண் 2805. கையால் பிரெய்ல் எழுதும் ஸ்லேட்டில் குத்துவது ஆறு புள்ளிதான். கணினியோடு இணைத்து விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் டிஸ்பிளே கருவியில் எட்டு. இவ்வளவு தெளிவான கணக்கை எந்தப் பிள்ளையும் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் 1, 2, 3, 5, 6 புள்ளிகள் சேர்ந்த வடிவம் தமிழில் 'ழ'. ஆங்கிலச் சுருக்க பிரெய்லில் அதுவே 'ஆஃப்' (of) என்ற முழுச் சொல். இரண்டுக்கும் குறியெண் ஒன்றே. எந்த மொழி என்று அந்த எண் சொல்லாது. எந்தப் புள்ளிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதை வகுத்திருப்பது இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் முறை. அதன்படி மாற்றித்தரும் வேலையை லிப்லூயி போன்ற கட்டற்ற மென்பொருள் செய்கிறது.

மாற்றுவது எளிதல்ல. எங்கள் டெல்டாவின் 'கொள்ளிடம்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் 'கொ' எழுத ஒற்றைக்கொம்பு முன்னே, கால் பின்னே. பிரெய்லில் முதலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். 'ள்' எழுதும்போது, அச்சில் தலைமேல் இருக்கும் புள்ளி பிரெய்லில் ள-வுக்கு முன்னால் தனிக் கட்டமாக வந்து நிற்கும். 4ஆம் புள்ளி அது. யூனிகோடு தமிழில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு என்ற ஒழுங்கு இருப்பதால்தான் மென்பொருளால் இதைப் பிழையில்லாமல் செய்ய முடிகிறது.

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் அந்த ஒழுங்கே கிடையாது. கண்ணுக்கு 'க' தெரியும். உள்ளே இருப்பது ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் எண். கொம்பு தனியாக முன்னால் கிடக்கும். சம்பா பயிர்க் காப்பீட்டு அறிவிப்பு ஒன்றை அப்பாவுக்குப் படித்துச் சொல்ல என் மாணவி ஒருத்தி கணினியில் திறந்தாள். விரலுக்குக் கிடைத்தது சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண், தமிழ் பிரெய்ல் சரளமாகப் படிப்பவள். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் இப்படிப்பட்ட கோப்புகள் வருவது எனக்குக் கோபத்தையே தருகிறது. ஸ்கேன் செய்து போடுகிற அறிவிப்புகள் இன்னும் மோசம். அவற்றில் எழுத்தே இல்லை, படம்தான்.

ஆகவே, ஆற்றில் தண்ணீர் விடும் முறை, காப்பீடு, நெல் கொள்முதல் என டெல்டாவில் வெளியாகும் அறிவிப்புகள் அனைத்தும் யூனிகோடு உரையாக வர வேண்டும் என்று உங்கள் இதழ் வலியுறுத்தி எழுத வேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இணையதளத்தில் நீங்கள் யூனிகோடில் தரும் செய்திகளை எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள், நன்றி. மாவட்டச் செய்திப் பக்கம் மட்டும் மின்னிதழில் படமாக வருகிறது. அவர்கள் அதிகம் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான். அதையும் உரையாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.