தாளைப் படித்துப் பயந்தால் போதாது

ஆசிரியருக்கு,

இதய மாத்திரையோடு வரும் தாளில் பக்கவிளைவுப் பட்டியலைப் பார்த்ததுமே மருந்தை ஒதுக்கி வைப்பவர்கள் நிறையப் பேர். பக்கவிளைவுகள் எல்லாம் ஒரே தரம் இல்லை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், தொல்லைதான், ஆனால் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன் அப்படியல்ல, அதிலுள்ள அயோடின் தைராய்டைக் குலைக்கலாம், நுரையீரலும் பாதிக்கப்படலாம், நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் என்பதால் தொடங்கும் முன்பே ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவைக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் கதை வேறு. 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் அதை முன்பு நிறுத்தியவர்களுக்கு ஸ்டாட்டின் தந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையிலும் இருந்தது, அதாவது பெரும்பாலும் மருந்தால் வந்ததல்ல (வலி பொய் என்று சொல்லவில்லை). சரி, டாக்டரிடம் எது வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள், அப்புறம் மருந்தே எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்