அட்டர்னி என்பவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க வழக்குச் செய்திகளில் 'அட்டர்னி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. வக்கீலைவிடப் பெரிய பதவி போல என்று பலர் நினைக்கிறார்கள். மயிலாடுதுறையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் இது. நியமிக்கப்பட்டவர் என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வழக்கு உள்ளவர் தானே மன்றத்தில் வந்து நிற்க வேண்டும். தனக்குப் பதிலாக ஒருவரை நிறுத்திக்கொள்ளும் உரிமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது. அப்படி நிறுத்தப்பட்டவர் அட்டர்னி. அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பின்னாளில்தான் அது தொழிலானது. 1873-ல் வந்த நீதிமன்றச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் அங்கே சொலிசிட்டர்கள், அதாவது கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி வழக்குப் பத்திரங்களைத் தயார் செய்யும் வக்கீல்கள், ஆகிவிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் எல்லா வக்கீலுக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அங்கே 'டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி' என்பவர் அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்துபவர். பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'மாவட்ட வழக்கறிஞர்' என்று அச்சிட்டால் அவர் எந்தப் பக்கம் என்றே புரிவதில்லை. 'அரசுத் தரப்பு வழக்கறிஞர்' என்று போடுங்கள்.

நம் நாட்டிலும் கல்கத்தா, பம்பாய் உயர் நீதிமன்றங்களில் அட்டர்னிகள் இருந்தார்கள். 1976-ல் வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தி அட்டர்னி என்ற தனி வகையையே எடுத்துவிட்டார்கள். இன்று மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலும், தனக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் நம் ஊர் 'பவர் ஆஃப் அட்டர்னி'யும்தான் மிச்சம்.

எனக்குக் கவலை இந்தப் பவர் பத்திரம் பற்றித்தான். பவர் வாங்கியவர் உரிமையாளர் ஆகிவிட்டதாக நம்பி, கிரயப் பத்திரமே இல்லாமல் மனை வாங்கியவர்கள் எங்கள் ஆபீஸ் படியேறி வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பவர் கொடுத்தவர் இறந்துபோயிருப்பார், வாரிசுகள் வழக்குப் போட்டிருப்பார்கள். பவர் ஏஜென்ட் என்பவர் சொந்தக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுகிறவர் மட்டுமே. கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துவிடும். பவரை வைத்து மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. மனை விளம்பரங்கள் வரும் பக்கத்திலேயே இதைப் பெரிய எழுத்தில் ஒருமுறை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மயிலாடுதுறை.