பூட்டோடு திறப்பையும் அனுப்புகிறோம்

ஆசிரியருக்கு,

இலங்கையில் வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க நவம்பர் 30 கடைசி நாள். அது நெருங்கும்போது கணக்காளர்களின் வட்ஸ்அப்பில் வங்கிக் கூற்றும் சம்பளச் சான்றிதழும் அடையாள அட்டையின் இரு பக்கங்களும் ஒன்றாக வந்து குவியும். இவற்றில் பூட்டு உள்ளது வங்கிக் கூற்றுக்கு மட்டுமே. சில வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் பிடிஎஃப் கோப்பைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தால்தான் பூட்டுகின்றன. பக்கத்திலேயே அட்டையின் படம் இருந்தால் அந்தப் பூட்டால் என்ன பயன்?

படத்தை அனுப்பாவிட்டாலும் அந்த இலக்கம் பெரிய இரகசியமல்ல. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பவை; பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருக்கும். பிறந்த திகதி தெரிந்தவருக்கு ஒன்பது இலக்கங்களில் ஐந்து கைக்கு வந்துவிடும். மிச்சம் நான்கு, அதாவது கூடியது 10,000 சாத்தியங்கள். கணினிக்கு அது சில விநாடி வேலை. 12 இலக்கப் புதிய அட்டையிலும் முதல் ஏழு இதே கணக்குத்தான்.

ஆகவே நீங்களே ஒரு பூட்டைப் போடுங்கள். விண்டோஸில் உள்ள ஸிப் வசதியால் கடவுச்சொல் இட முடியாது. இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஸிப் மென்பொருளில் ஆவணங்களை ஒரே கோப்பாகக் கட்டலாம். வடிவமாக ஸிப்பை எடுத்தால் அதன் பழைய, பலவீனமான பூட்டு முறையே தானாக விழும். செவன்-இஸட் வடிவத்தைத் தெரிவு செய்தால் ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டு முறை கிடைக்கும். கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் சரி போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் எந்த வங்கி, எந்த மாதம் என்பது வெளியே தெரியும். கோப்பு மின்னஞ்சலில் போகட்டும், கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். பூட்டைக் கழற்றித் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களில் வங்கிக் கூற்றை ஏற்றவே வேண்டாம்.

வட்ஸ்அப் வழியில் பாதுகாப்பானதுதான். சிக்கல் போய்ச் சேர்ந்த பிறகு: படம் வரி ஆலோசகரின் கைத்தொலைபேசிக் கலரியில் விழும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறலாம், அலுவலகக் கணினியிலும் திறந்திருக்கும். கொமியூனிகேஷன் கடையில் ஸ்கான் செய்வோருக்கும் இதே கதி. கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பியதைப் பின்னர் அழித்தாலும், அவருடைய கணினியின் டவுன்லோட்ஸில் இறங்கிய பிரதி அப்படியே கிடக்கும். போவதற்கு முன் அதையும் குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

எல்லாவற்றையும் கொடுக்கவும் தேவையில்லை. வட்டி வருமானத்துக்கு வங்கியின் வரிப் பிடித்தச் சான்றிதழும், சொத்து விபரத்துக்கு மார்ச் 31 மீதியை உறுதிப்படுத்தும் கடிதமும் பெரும்பாலும் போதும். பணம் வந்த வழியைக் காட்ட வேண்டி வந்தால் மட்டும் முழுக் கூற்று. மறைக்க வேண்டியதைக் கைத்தொலைபேசியின் ஹைலைட்டர் பேனாவால் பூசாதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரியும். தாளில் வெள்ளைக் கடதாசி ஒட்டி அதன் பிறகு ஸ்கான் செய்வதே உறுதி. அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கே எந்த வரி ஆண்டுக்கு, யாருக்கு, எத்தனையாம் திகதி கொடுத்தது என்று எழுதுங்கள். ஓடிபியை ஆலோசகர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

வங்கிகளிடம் ஒரு கோரிக்கை. கூற்றின் கடவுச்சொல்லை வாடிக்கையாளரே தெரிவு செய்ய விடுங்கள். அதுவரை, பலர் அறிந்த ஓர் இலக்கத்தைப் பாதுகாப்பு என்று மின்னஞ்சலில் எழுதுவதையாவது நிறுத்துங்கள்.

இங்ஙனம்,
கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.