மருந்து வைப்பதற்கு முன்னால் ஒரு தாள் ஒட்டுங்கள்

சான்றிதழ் பெற்ற தைலமரத் தோட்டங்களை நடத்துகிற அதிகாரிகளுக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை தணிக்கைக்கு வந்துபோகிறவர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இரண்டு ஏக்கர் செம்மண். பாதியில் தைலமரம், மீதியில் வானம் பார்த்த கடலை. வேலிக்கு அந்தப் பக்கம் உங்களைப் போன்றவர்கள் நடத்தும் பெரிய தோட்டம். ஆக நான் மரத்துக்கு எதிரி இல்லை, மரம் விற்றுத்தான் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். தைலமரம் தண்ணீரை உறிஞ்சுகிறது, தோட்டத்து வரப்பு கண்மாய்க்கு வரும் வரத்தை மறிக்கிறது என்ற சண்டை எங்கள் பக்கம் பெரியது. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இன்றைக்குப் பூச்சிமருந்து மட்டும்.

போன ஐப்பசியில் பட்டுப்போன கன்றுகளுக்குப் பதில் நட நூறு கன்று வாங்க ஒரு நர்சரிக்குப் போனேன். எந்த நர்சரி என்பது வேண்டாம். பாதியாக வெட்டிய நீல டிரம்மில் பால் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர். ஒரு அக்கா கன்றுப் பைகளை இரண்டிரண்டாக அதில் முக்கி, வடியவிட்டு, வண்டிக்காக அடுக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை ஈரம். கையுறை இல்லையா என்று கேட்டேன். "அதப் போட்டா பை வழுக்குது தம்பி" என்றார். டிரம்முக்குப் பக்கத்தில் காலி டப்பா: குளோர்பைரிபாஸ், மஞ்சள் முக்கோணம். நம் நாட்டுச் சட்டப்படி மருந்து டப்பாவில் சிவப்புக்கு அடுத்த நச்சு அது. கரையானுக்கு வைக்கிறார்களாம். கொஞ்ச நேரத்தில் அவர் கையைக் குழாயில் அலசிவிட்டுத் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். சோப்பு இல்லை.

நான் என் நூறு கன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. கன்று இப்படிப் பையோடு மருந்தைச் சுமந்து தோட்டத்துக்குள் போனால், அந்தத் தோட்டத்தின் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள்? "இந்த வருஷம் தெளிப்பு எதுவும் இல்லை" என்று எழுதலாம். பொய்யும் இல்லை.

உங்கள் பலகையில் இருக்கும் எஃப்.எஸ்.சி. முத்திரைக்குப் பின்னால், அதாவது காட்டையும் தோட்டத்தையும் பொறுப்பாக நடத்துகிறார்கள் என்று சொல்லும் சர்வதேசச் சான்றிதழுக்குப் பின்னால், ஒரு பூச்சிமருந்துக் கொள்கை இருக்கிறது. இப்போதுள்ளது 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதிக ஆபத்தான மருந்துகளை அது மூன்றாகப் பிரிக்கிறது: அறவே கூடாதவை, கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டவை, கட்டுப்படுத்தப்பட்டவை. மருந்தில்லாத வழியை முதலில் பார், அப்படியும் வேண்டுமென்றால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் வேலையாளுக்கும் பக்கத்தில் குடியிருப்பவனுக்கும் என்ன ஆகும் என்று மதிப்பிட்டு எழுது, அப்புறம் தொடு என்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தப் பக்கத்தில் குடியிருப்பவன் நான். என்னை இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

கரையான் நிஜம் என்பதை நான் மறுக்கவில்லை. நட்டு ஒரு மாதம் கழித்துக் கன்று உச்சியில் வாடும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். மண்ணுக்குக் கீழே தோலைச் சுற்றிக் கடித்து வைத்திருக்கும். ஆனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் முதல் வருஷத்தோடு சரி. வேர் இறங்கிவிட்ட மரத்தைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பைக்குள்ளேயே வேர் சுருண்ட கன்றும், மழை தப்பி நட்டுத் தாகத்தில் கிடக்கிற கன்றும்தான் முதலில் போகும். ஒரு கை வேப்பம்பிண்ணாக்கைக் குழியில் போட்டு, ஈரம் பார்த்து நட்டு, பட்டுப்போனதற்கு மாற்றுக் கன்று வைப்பது எங்கள் வழக்கம். எல்லாக் கன்றும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். பத்தில் ஒன்று போனால் போகட்டும் என்று முதலிலேயே கணக்கில் எழுதிவிட்டால் டிரம்முக்கு வேலை குறையும்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மா தேக்குத் தூணும் நிலையும் நூறு வருஷமாக நிற்கின்றன. ஆள் புழங்கும் வீட்டில் சுவரில் கரையானின் மண்கோடு தெரிந்த அன்றைக்கே விளக்குமாற்றால் தட்டிவிடுவார்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டில்தான் உத்தரம் வரை ஏறுகிறது. உங்கள் தோட்டமும் பூட்டிய வீடு மாதிரிதான் கிடக்கிறது. நடவு முடிந்ததும் வேலையாட்கள் போய்விடுகிறார்கள், அப்புறம் வெட்டுக்குத்தான் வருகிறார்கள். நடவு முடிந்த முதல் நாலு மாதம் வாரம் ஒருமுறை வரிசை வரிசையாக நடந்து பார்க்க ஊரில் பெண்கள் இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று உங்கள் கோப்பில் இருப்பதற்கு எங்கள் பாஷையில் இதுதான் பெயர்: போய்ப் பார்ப்பது.

போய்ப் பார்த்தால் என்ன லாபம் என்பதற்குத் தைலமரத் துளிரில் முடிச்சு உண்டாக்கும் குளவியின் கதை போதும். 2001 வாக்கில் கர்நாடகத்தில் தெரியவந்து, பிறகு நம் பக்கமும் பரவியது. ஆஸ்திரேலியப் பூச்சி, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இளந்துளிரின் காம்பிலும் நடுநரம்பிலும் முட்டை வைக்கும். அந்த இடம் மணி கோத்த மாதிரி புடைத்து, பச்சையிலிருந்து ரோஸாகி, பழுப்பாகி, கடைசியில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழும். துளிர் சுருண்டு கன்று குட்டையாகவே நின்றுவிடும். நானும் அப்போது கைப்பம்பு எடுத்து அடித்தேன், கடைக்காரர் கொடுத்ததை எல்லாம். புழு முடிச்சுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, வெளியே அடித்து என்ன பயன்? அதை அடக்க உதவியது வேறொரு குட்டிக் குளவி. இந்தப் புழுவையே தின்று வளர்கிற ஒட்டுண்ணியை இஸ்ரேலிலிருந்து வரவழைத்து விட்டார்கள். தாங்குகிற ரகங்களும் வந்தன. நான் அடித்த மருந்தில் யார் செத்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். முடிச்சுக்குள் இருந்தவன் இல்லை. வெளியே பறந்துகொண்டிருந்த நல்லவன்தான்.

தடை என்றால் அலட்சியமாகச் சிரிக்கிறவர்கள் கேரளத்துக் காசர்கோட்டை நினைத்துக்கொள்ளட்டும். அதுவும் மரத்தோட்டம்தான், முந்திரி. இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தூவினார்கள், சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் நோயில் விழுந்தார்கள். உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தியது 2011 மே மாதம். குளோர்பைரிபாஸையும் 2022 டிசம்பரில் தமிழக அரசே, தற்கொலைகளைத் தடுக்க வேண்டி, வேறு சில மருந்துகளோடு சேர்த்து 60 நாள் நிறுத்தி வைத்தது. 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு, அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டன. இதற்கப்புறமும் உங்கள் தோட்டத்துக்கு வருகிற கன்று எதில் முக்கி வருகிறது என்பதை வாசல் பலகையில் ஒரு வரியில் எழுதலாமே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கன்று வாங்கும் இடத்தையும் உங்கள் சான்றிதழுக்குள் அடங்கியதாக நினைத்து விசாரியுங்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் அலுவலகத்தில் டீ குடித்த கையோடு அந்த டிரம்மையும் ஒருதரம் எட்டிப் பாருங்கள், டப்பா எங்கே போகிறது என்றும் கேளுங்கள். போன மழையில் ஒரு காலி டப்பா வரத்துக்காலில் மிதந்து ஊருணிப் படிக்கட்டில் வந்து தட்டி நின்றது. இடையர் வீட்டுப் பையன் அதை எடுத்துக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கப் பார்த்தான்.

மருந்து வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று நாள் முன்னால் சொல்லுங்கள். என்ன மருந்து, எந்தப் பக்கம், எத்தனை நாள் ஆடு விடக்கூடாது. தமிழில், ஒரு தாளில். கையெழுத்தும் ஒரு போன் நம்பரும் இருந்தால் போதும். ஐப்பசி மழைக்கு முன் நடவு தொடங்கிவிடும். தாளை ஒட்ட ரேஷன் கடைச் சுவர் இருக்கிறது, பசை நான் காய்ச்சித் தருகிறேன்.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கத்துக்காரன்